காஸியன் 16: சாய ஜோடிகளின் பீட்டாவுக்கு எவ்வளவு நம்பலாம்?

தனிச் சாய மூலக்கூறு ஒன்றின் பீட்டாவை (முதல் மிகைமுனைவாகுதிறன், ஒளியின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கும் திறனின் அளவு) எடுப்பதில் காஸியன் 16 என்ற குவாண்டம் வேதியியல் மென்பொருள் மேல் பெரிய குறை கிடையாது. இரண்டு சாயங்களைச் சேர்த்து டைமராக்கும்போதுதான் சிக்கல். கணக்கு சரியாகவே வரும். அச்சாகும் எண்ணை அப்படியே எடுப்பவர்தான் ஏமாறுவார்.

பி3லிப் என்ற டிஎஃப்டி முறை (எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துக் கணக்கிடும் வகை) வேண்டவே வேண்டாம். எலக்ட்ரான் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகரும் நீளமான சாயங்களில் பீட்டாவை அது ஊதிக் காட்டும். நீண்ட தூரத்துக்குத் திருத்திய கேம்-பி3லிப், 6-31+ஜி(டி) அடிப்படைத் தொகுதி, கூடவே மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பைச் சேர்க்கும் ஜிடி3பிஜே சிதறல் திருத்தம் போதும். திருத்தத்தை விட்டால் 3.4 ஆங்ஸ்ட்ராம் அருகில் நிற்க வேண்டிய தட்டையான சாயங்கள் விலகிவிடும். நினைவக ஒதுக்கீட்டின் இயல்பு அளவு 800 எம்பிதான். டைமருக்கு முதலிலேயே கூட்டிவிடுங்கள்.

உள்ளீட்டுக் கட்டளையில் போலார்=டிசிஎஸ்எச்ஜி, சிபிஎச்எஃப்=ஆர்டிஃப்ரீக் கொடுத்து, மூலக்கூறு வடிவத்துக்குக் கீழே ஒரு வரி காலியாக விட்டு 0.0428 (அணு அலகில் ஒளியின் அதிர்வெண்) என்று எழுதினால் 1064 நானோமீட்டருக்கான மதிப்பு வரும். கூடவே நிலைப்புல (அதிர்வெண் பூஜ்யம்) மதிப்பும் கிடைக்கும். இங்கே ஒரு பொறி. இரண்டாம் இசையம் (இரட்டித்த அதிர்வெண்) 532 நானோமீட்டரில் விழுகிறது. தனிச் சாயம் 480-இல் உறிஞ்சுவதால் ஆபத்தில்லை என்று நினைப்போம். சாயங்கள் தலை-வாலாகச் சரிந்து அடுங்கும் ஜே வகை அடுக்கில் உறிஞ்சல் பட்டை சிவப்புப் பக்கம் நகர்ந்து ஒத்ததிர்வில் மாட்டினால் பீட்டா தாறுமாறாக எகிறும். அதைச் சாயங்களின் கூட்டுவிளைவு என்று எழுதிவிடக் கூடாது. டைமருக்கே உறிஞ்சலைக் கணிக்கும் டிடி-டிஎஃப்டி ஓட்டிப் பாருங்கள். பட்டை 532-க்கு நெருக்கமாக இருந்தால் 0.0239-க்கு, அதாவது 1907 நானோமீட்டருக்கு, மாறுங்கள்.

வெளியீட்டில் இரண்டு பட்டியல்கள் வரும். இருமுனைத் திருப்புத்திறனின் திசையை அச்சாகக் கொண்டு (இருமுனை அச்சில்) தரும் பட்டியல் மூலக்கூறுக்கு மூலக்கூறு அச்சைத் திருப்பிவிடும், ஒப்பிட உதவாது. உள்ளீட்டு அச்சில் தருவதை எடுங்கள். இணைகோடு (||) குறியிட்ட மதிப்பு, இருமுனைத் திசையில் திசையன் பீட்டாவின் கூறில் 3/5 பங்குதான், அதை 5/3-ஆல் பெருக்க வேண்டும். எதிரெதிராக அடுக்கிய மெரோசயனின் (ஒருவகைச் சாயம்) ஜோடியில் இருமுனைத் திருப்புத்திறனே பூஜ்யம் ஆவதால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

டைமரிலிருந்தே ஒரு சாயத்தை வெட்டி, மற்றதைப் பேய் அணுக்களாக (எலக்ட்ரானும் அணுக்கருவும் இல்லாத, அடிப்படைச் சார்புகள் மட்டும் உள்ள இடங்களாக) வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். சம அளவுள்ள இரு பீட்டா திசையன்களுக்கு இடையே 60 பாகை என்றால், ஊடாட்டம் இல்லாத கூட்டல் ஒரு சாயத்தின் பீட்டாவில் 1.73 மடங்கு. அதிலிருந்து விலகும் அளவுதான் உண்மையான இணைப்பு விளைவு. இந்த ஒப்பீட்டை மென்பொருள் தானே செய்து தராதது, கட்டணம் வாங்கும் பொருளுக்குக் குறைதான்.

இரு ஃபோட்டான் உறிஞ்சலும் தேவை என்றால் டால்டன் என்ற மென்பொருள் பக்கம் போங்கள். இலவசம், உள்ளீட்டுக் கோப்பு எழுதப் பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.