செல்லுக்கு எந்த படுக்கை: பிளாஸ்டிக்கா, அக்ரிலமைடா, கொலாஜனா?

எங்க மாமா காசிமேட்டுல மீன் கூடை தூக்குறவரு, போன மாசம் லிவர் ஸ்கேன் எடுத்ததுல 14 கிலோபாஸ்கல்னு வந்துச்சு, "இன்னாடா இது, பிரஷரா?"ன்னு என்னாண்ட கேட்டாரு. இல்ல மாமா, ஈரல் எவ்ளோ கெட்டியா இருக்குன்றதுக்கான அளவு, நல்ல ஈரல்னா பொதுவா 7க்கு கீழதான் இருக்கும்னு சொன்னேன். லேப்ல ஒடம்பு செல்லுங்கள வளக்குற ஜெல் டப்பா மேல நான் தினமும் எழுதுற அதே யூனிட்.

ஈரல்ல ஸ்டெல்லேட் செல்னு ஒண்ணு இருக்கு, சுத்தி இருக்குறது கெட்டியாக ஆரம்பிச்சா அது உருவம் மாறி தழும்பு நாரை சுரக்கும், அதுல ஈரல் இன்னும் கெட்டியாவும். இத எது மேல வளத்து பாக்குறதுன்றதுதான் கேள்வி.

பிளாஸ்டிக் டிஷ் சீப்பு, மைக்ராஸ்கோப்ல பளிச்சுனு தெரியும், ஆனா அதோட கெட்டித்தனம் லட்சக்கணக்கான கிலோபாஸ்கல். நோயே இல்லாத ஈரல்ல இருந்து எடுத்த ஸ்டெல்லேட் செல்லுகூட அதுமேல சில நாள்லயே தழும்பு போடுற செல்லா மாறிடும், அப்புறம் எத எதோட ஒப்பிடுறது? வெறும் சிமென்ட் தரையில படுக்க வெச்சுட்டு முதுகு ஏன் வலிக்குதுன்னு கேக்குற மாதிரிதான்.

என் ஓட்டு பாலிஅக்ரிலமைடு ஜெல்லுக்கு. அக்ரிலமைடு, அத வலை மாதிரி பின்னுற பிஸ் அக்ரிலமைடு ரெண்டையும் கூட்டி கொறச்சா 1 கிலோபாஸ்கலும் வரும் 40ம் வரும், செல் ஒட்டிக்கறதுக்காக மேல பூசுற கொலாஜன்ற புரதத்தோட அளவு மாறாது, அதனால வித்தியாசம் வந்தா கெட்டித்தனத்தாலதான்னு தைரியமா சொல்லலாம். 2006ல எங்லர், டிஷர் குழு இந்த ஜெல்லுலதான் ஒரே வகை ஸ்டெம் செல்ல (வேற வேற செல்லா மாறக்கூடியது) வெச்சு காட்டுனாங்க, 1 கிலோபாஸ்கலுக்கு கீழ நரம்பு சாயல், 8லேந்து 17க்குள்ள தசை, 25க்கு மேல எலும்பு. கஷ்டம் என்னன்னா கலக்குற அக்ரிலமைடு பவுடர் நரம்புக்கு விஷம், கிளவுஸ் இல்லாம தொடவே கூடாது, செல்ல உள்ள கலக்கவும் முடியாது. ஜெல்ல ஊத்தி மேல மூடுன கண்ணாடிய எடுக்கறப்போ ஓரத்துல ட்வீசர் நுனிய விட்டு தண்ணிக்குள்ளயே மெதுவா கிளப்பணும், நான் அவசரப்பட்டு தூக்குனதுல கடப்பாசி பிஞ்சு வர்ற மாதிரி பாதி ஜெல் கண்ணாடியோடவே வந்துடுச்சு.

கொலாஜன் ஜெல்லுல செல்லு உள்ளயே இருக்கும், ஒடம்புல இருக்குற மாதிரி நாலா பக்கமும் பிடிச்சு இழுக்கும், அது பெரிய விஷயம். ஆனா பெரும்பாலும் 1 கிலோபாஸ்கல கூட தாண்டாது, கெட்டியாக்க கொலாஜன ஏத்துனா செல் ஒட்டுற எடமும் கூடிடும் ஜெல்லோட ஓட்டையும் சுருங்கிடும், எதால மாறுச்சுன்னு பிரிக்க முடியாது. முதல்ல அக்ரிலமைடுல பாத்துட்டு அப்புறம் இதுல சரிபாருங்க.

இந்த வாரம் மூணு ஜெல் ஊத்தி வெச்சிருக்கேன். 1, 6, அப்புறம் மாமாவோட 14.