சட்டமா, வழக்கா? அமெரிக்கத் துப்பாக்கிச் சர்ச்சையில் இரண்டு வழிகள்

2017 நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை. டெக்சஸ் மாநிலத்தின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரில், ஆராதனை நடந்துகொண்டிருந்த தேவாலயத்துக்குள் ஒருவன் புகுந்து சுட்டதில், கருவிலிருந்த சிசுவையும் சேர்த்து 26 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் வழக்குகள் இரண்டு பக்கம் போயின. ஒன்று, ரைஃபிளை விற்ற கடைத்தொடர் மீது. இன்னொன்று, அமெரிக்க அரசு மீது. கடை மீதான வழக்கு டெக்சஸ் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. அரசோ 2023இல் 14.45 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

துப்பாக்கி விற்றவன் தப்ப, விற்காத அரசு பணம் கட்டியது எப்படி? இதைப் புரிந்துகொண்டால் மொத்தச் சர்ச்சையில் பாதி புரிந்துவிடும்.

சுட்டவன் விமானப்படையில் இருந்தவன். மனைவியையும் அவரது குழந்தையையும் அடித்ததற்காக 2012இல் ராணுவ நீதிமன்றம் அவனைத் தண்டித்திருந்தது. அப்படிப்பட்டவர் துப்பாக்கி வாங்கக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. ஆனால் தண்டனை விவரத்தை விமானப்படை எஃப்.பி.ஐ.க்கு அனுப்பவே இல்லை. கடைக்காரர் பின்னணிச் சோதனை கேட்டபோது கணினி "கொடுக்கலாம்" என்றது. சட்டம் இருந்தது, தகவல் இல்லை. அதனால்தான் 2021இல் கூட்டாட்சி நீதிபதி பொறுப்பில் 60 சதவீதத்தை விமானப்படை மேல் போட்டார்.

கடை மீதான வழக்கு இன்னும் நுணுக்கமானது. வாங்கியவன் காட்டியது கொலராடோ அடையாள அட்டை. வெளிமாநிலத்தவருக்கு ரைஃபிள் விற்றால் இரு மாநிலச் சட்டங்களுக்கும் அந்த விற்பனை பொருந்த வேண்டும். 15 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினை, அதாவது தோட்டா அடைக்கும் உறையை, கொலராடோ தடை செய்திருக்கிறது. ரைஃபிளோடு பெட்டியில் வந்ததோ 30 தோட்டா மேகசின். நீதிமன்றம் சொன்னது: சட்டம் பேசுவது "துப்பாக்கி" விற்பனை பற்றி; மேகசின் வேறு, துப்பாக்கி வேறு; துப்பாக்கி மட்டும் கொலராடோவில் சட்டபூர்வமானதே. ஆக, எந்தச் சட்டமும் மீறப்படவில்லை, வழக்கும் இல்லை.

கடைசி வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். "சட்டமன்றங்கள் தூங்குகின்றன, ஆகவே நீதிமன்றத்துக்குப் போவோம்" என்று சொல்பவர்கள் கவனிக்கத் தவறும் இடம் அதுதான். 2005இல் வந்த ஒரு பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவில் துப்பாக்கி நிறுவனத்தின் மீதான வழக்கு பெரும்பாலும் ஏதோ ஒரு சட்டத்தின் முதுகில் ஏறித்தான் நிற்க முடியும்.

முதல் வழி: விற்பதற்கு முன்பே தடுப்பது

1993இல் வந்த பிரேடி சட்டத்தின்படி, 1998 நவம்பரிலிருந்து உடனடிப் பின்னணிச் சோதனை நடக்கிறது. உரிமம் பெற்ற கடையில் வாங்குபவர் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். கடைக்காரர் விவரத்தைச் சொன்னதும் மூன்றில் ஒரு பதில் வரும்: கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது, பொறுங்கள்.

கோளாறு மூன்றாவதில். மூன்று வேலைநாளுக்குள் முடிவு வராவிட்டால் கடைக்காரர் தன் பொறுப்பில் விற்றுவிடலாம். 2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் இப்படித்தான் வாங்கினான். அவனைத் தடுக்கப் போதுமான போதைப்பொருள் கைது விவரம் பதிவில் இருந்தது. ஆனால் பரிசீலித்தவருக்கு உரிய காவல்நிலையம் எது என்று சரியாகப் பிடிபடவில்லை. நாள் கடந்தது, துப்பாக்கி கைமாறியது. அந்தத் தவறுக்கும் அரசு 2021இல் 8.8 கோடி டாலருக்கு உடன்பட்டது. 2022இல் வந்த சட்டம் 21 வயதுக்குக் கீழானவர்களுக்கு மட்டும் இந்தக் கெடுவைப் பத்து வேலைநாள் வரை நீட்ட வழி செய்தது. மற்றவர்களுக்கு அதே மூன்று நாள்தான். உரிமம் இல்லாத தனிநபர் தன்னிடம் இருப்பதை விற்றால் கூட்டாட்சிச் சட்டப்படி சோதனையே கிடையாது. சில மாநிலங்கள் மட்டும் கேட்கின்றன.

சோதனையைவிட மோசமாகச் சறுக்கியது வரையறை. 1994 செப்டம்பரில் தொடங்கிப் பத்தாண்டு இருந்த "தாக்குதல் ஆயுதத் தடை"யை எடுத்துக்கொள்வோம். கழற்றி மாட்டும் மேகசினுடன், மடக்கும் பின்கட்டை, பிஸ்டல் பாணிப் பிடி, துப்பாக்கிக்கத்தி மாட்டும் கொக்கி, தீச்சுடர் மறைப்பான் போன்றவற்றில் இரண்டு இருந்தால் அந்த அரைத் தானியங்கி ரைஃபிளுக்குத் தடை. நிறுவனங்கள் என்ன செய்தன? கொக்கியை அறுத்தன, சுடர் மறைப்பானைக் கழற்றின, பெயரை மாற்றின, விற்றன. டெக்-9 என்ற கைத்துப்பாக்கி சிறு மாற்றங்களோடு ஏபி-10 ஆகக் கடைக்கு வந்தது. பெயரில் உள்ள ஏபி "தடைக்குப் பின்" என்பதன் சுருக்கம். கேலி செய்கிறார்கள் என்பது தெளிவு, ஆனால் சட்டவிரோதம் அல்ல. பட்டியல் போட்டுத் தடை செய்தால் பட்டியலுக்கு வெளியே ஒரு பொருள் வந்து நிற்கும். சுடும் வேகத்தையோ தோட்டாவின் சக்தியையோ தொடாமல் தோற்றத்தைத் தொட்ட சட்டத்துக்கு வேறென்ன நடக்கும்?

அந்தச் சட்டத்தில் எடுபட்டிருக்கக்கூடிய பகுதி, பத்துத் தோட்டாவுக்கு மேற்பட்ட புதிய மேகசின்களுக்கான தடை. ஏற்கெனவே இருந்தவற்றுக்கு விலக்கு கொடுத்ததால் பழைய சரக்கு ஆண்டுக்கணக்கில் புழங்கியது. 2004இல் சட்டமே காலாவதியானது.

இப்போது இன்னொரு தடையும் உண்டு. 2022இல் உச்ச நீதிமன்றம் ப்ரூயென் வழக்கில், ஒரு கட்டுப்பாடு நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டது. விதிமுறைகளுக்கும் உத்தரவாதம் இல்லை. அரைத் தானியங்கி ரைஃபிளை எந்திரத் துப்பாக்கிபோல் பொழிய வைக்கும் பம்ப் ஸ்டாக் கருவிக்கான தடையை அதே நீதிமன்றம் 2024இல் ரத்து செய்தது. காரணம், எந்திரத் துப்பாக்கிக்கான சட்ட வரையறையில் உள்ள "விசையின் ஒரே இயக்கம்" என்ற சொற்றொடர். அடுத்த ஆண்டு, வரிசை எண் இல்லாமல் வீட்டில் பொருத்திக்கொள்ளும் துப்பாக்கி உதிரிபாகப் பெட்டிகள் மீதான விதியை 7-2 என்று நிலைநிறுத்தியது.

இரண்டாவது வழி: நடந்த பிறகு கணக்குக் கேட்பது

1998இல் நியூ ஆர்லியன்ஸும் சிகாகோவும் துப்பாக்கி நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டன. பின்னால் பல நகரங்கள் சேர்ந்தன. சிகரெட் கம்பெனிகளை மாநிலங்கள் மடக்கிய அதே காலம். கொஞ்ச நாள் வழி திறந்ததுபோல்தான் இருந்தது. 2000 மார்ச்சில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கிளின்டன் அரசோடு உடன்பாடு செய்து, பூட்டு பொருத்துவது முதல் தன் கடைகளைக் கண்காணிப்பதுவரை ஒப்புக்கொண்டது. உடனே அதன் சொந்த வாடிக்கையாளர்கள் புறக்கணித்தார்கள். 1987இல் 11.25 கோடி டாலருக்கு வாங்கப்பட்ட அந்தக் கம்பெனி 2001இல் 1.5 கோடிக்குக் கைமாறியது. அதைப் பார்த்த பிறகு வேறெந்த நிறுவனம் அரசோடு கைகுலுக்க வரும்?

2005 அக்டோபரில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம் கதவைச் சாத்தியது. துப்பாக்கியை மூன்றாம் ஆள் குற்றத்துக்குப் பயன்படுத்தினால் தயாரித்தவர் மீதும் விற்றவர் மீதும் வழக்கு இல்லை. சில விலக்குகள் உண்டு. அவற்றில் மூன்றுதான் நடைமுறையில் புழங்குகின்றன, மூன்றுக்கும் பலம் ஒன்றல்ல.

ஒன்று, வடிவமைப்புக் குறை. விசையைத் தொடாமலே வெடித்தால், கீழே விழுந்து வெடித்தால் வழக்குப் போடலாம். ஆனால் சுட்டது வேண்டுமென்றே செய்த குற்றம் என்றால் இந்தக் கதவு அடைபடும். இது அற்ப விஷயமல்ல. ரொட்டி சுடும் கருவியைத் திரும்பப் பெறச் சொல்லும் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கி மேல் அதிகாரமே இல்லை. ஆகவே கூட்டாட்சி அளவில் மோசமான வடிவமைப்பைக் கேள்வி கேட்க வழக்கு மட்டுமே உண்டு. ஆனால் ஜெயித்தும் கிடைக்காமல் போகலாம். தோட்டாவை எடுக்கவே பாதுகாப்புப் பூட்டை விடுவிக்க வேண்டிய ஒரு மலிவான பிஸ்டல் வெடித்ததில் ஒரு சிறுவனின் உடல் செயலிழந்தது. 2003இல் கலிபோர்னியா ஜூரி பிரைகோ ஆர்ம்ஸ் தரப்புக்கு 2.4 கோடி டாலர் பங்கு விதித்தது. கம்பெனி திவாலானது. ஏலத்தில் முன்னாள் ஃபோர்மேன் சொத்துகளை எடுத்து வேறு பெயரில் தொழிலைத் தொடர்ந்தார்.

இரண்டு, கவனக்குறைவாக ஒப்படைப்பது. "இவன் கையில் கொடுத்தால் ஆபத்து" என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ விற்பது. இங்கே சிக்குவது தயாரிப்பாளர் அல்ல, கடை. நம் ஊரில் பினாமி என்றால் நிலம் நினைவுக்கு வரும். அங்கே துப்பாக்கியிலும் பினாமி உண்டு. வயது போதாதவனோ தண்டனை பெற்றவனோ கடைக்கு ஆள் அனுப்பி வாங்குவான். படிவத்தின் முதல் முக்கியக் கேள்வியே "உண்மையில் வாங்குவது நீங்கள்தானா?" என்பதுதான். மில்வாக்கியின் பேட்ஜர் கன்ஸ் கடையில் 2009இல் 18 வயதுப் பையனுக்காக வேறொருவன் வாங்கினான். அந்தத் துப்பாக்கியால் இரு போலீஸ்காரர்கள் படுகாயமடைந்தார்கள். 2015இல் ஜூரி ஏறக்குறைய 60 லட்சம் டாலர் விதித்தது. கேமரா, படிவம், கல்லாவில் நின்ற ஊழியர் என்று எல்லாமே சாட்சி. இந்த வகையில் ஆதாரம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

மூன்று, விற்பனைக்கோ விளம்பரத்துக்கோ உரிய சட்டத்தைத் தெரிந்தே மீறியது. கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹுக் பள்ளிச் சூட்டில் உறவுகளை இழந்த குடும்பங்கள் நுழைந்தது இதன் வழியாகத்தான். 2012 டிசம்பர் 14 அன்று 20 குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்டது புஷ்மாஸ்டர் ரைஃபிளால். அது அன்றைய கனெக்டிகட் தாக்குதல் ஆயுதத் தடைக்கே உட்படாத மாடல். மேலே சொன்ன பட்டியல் வித்தையின் விளைவு. ஆகவே "இதை ஏன் விற்றாய்" என்று கேட்க முடியாது. வழக்கறிஞர்கள் கேள்வியை மாற்றினார்கள்: "இதை எப்படி விளம்பரம் செய்தாய்?" ஆண்மைக்குச் சான்றிதழ் தருவதுபோன்ற விளம்பரங்கள், நியாயமற்ற வணிகத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டத்தை மீறியவை என்று வாதம். 2019இல் கனெக்டிகட் உச்ச நீதிமன்றம் 4-3 என்ற நூலிழையில் அனுமதித்தது. 2022 பிப்ரவரியில் 7.3 கோடி டாலருக்கு உடன்பாடு. கொடுத்தவை நான்கு காப்பீட்டு நிறுவனங்கள். புஷ்மாஸ்டரைத் தயாரித்த ரெமிங்டன் அதற்குள் திவால். வழக்குப் போட்டதிலிருந்து ஏழு ஆண்டுக்கு மேல், ஒன்பது குடும்பங்களுக்கு மட்டும். பணத்தைவிடக் குடும்பங்கள் பெரிதாக நினைத்தது, கம்பெனியின் உள்ஆவணங்களை வெளியிடும் உரிமையை. எந்தத் தடைச் சட்டமும் அதை வாங்கித் தராது.

தோற்றால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். 2012இல் கொலராடோவின் ஆரோரா திரையரங்குச் சூட்டில் மகளை இழந்த பெற்றோர், இணையத்தில் தோட்டா விற்ற கடை மீது வழக்குப் போட்டார்கள். தள்ளுபடியானதோடு, எதிர்த்தரப்பின் வக்கீல் செலவு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் அவர்கள் தலையில் விழுந்தது. கொலராடோவின் அன்றைய சட்டம் அப்படி. 2023இல்தான் அதை நீக்கினார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால்

தொழில்துறையின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. குடித்துவிட்டு ஓட்டியவனுக்காகக் கார் கம்பெனியைப் பிடிக்கிறோமா என்று கேட்கிறார்கள். பிடிப்பதில்லைதான். ஆனால் காருக்குத் தரக் கட்டுப்பாடும், திரும்பப் பெற உத்தரவிடும் அரசு அமைப்பும் உண்டு. துப்பாக்கிக்கு அதுவும் கூடாது, வழக்கும் கூடாது என்பதுதான் இடிக்கிறது.

ஆதாரப் பிரச்சினை இரு வழிகளுக்கும் பொது. 1986 சட்டப்படி தேசிய அளவில் துப்பாக்கிப் பதிவேடு வைக்கக் கூடாது. சோதனையில் தேறியவரின் பதிவை 24 மணி நேரத்துக்குள் அழிக்க வேண்டும். குற்ற இடத்தில் கிடைத்த துப்பாக்கி யாருடையது என்று அறிய, மேற்கு வர்ஜினியாவின் மார்ட்டின்ஸ்பர்க் மையம் வரிசை எண்ணை வைத்துத் தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, கடை என்று ஒவ்வொருவராகக் கேட்டு, கடைசியில் காகிதப் படிவத்துக்குப் போகும். அப்படிச் சேர்ந்த தகவலும் 2003 முதல் பட்ஜெட்டில் செருகப்படும் டீஹார்ட் திருத்தத்தால் சிவில் வழக்குகளுக்கு எட்டாது.

தன் நாட்டுக்குள் கடத்தப்படும் துப்பாக்கிகளுக்குக் கணக்குக் கேட்ட மெக்சிகோ அரசு இங்கேதான் மாட்டியது. 2021இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் உள்ளிட்ட நிறுவனங்கள் மேல் 1,000 கோடி டாலர் கேட்டு வந்த வழக்கை, 2025 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9-0 என்று தள்ளியது. தீர்ப்பு எழுதியவர் எலெனா கேகன், தாராளவாத அணி நீதிபதி. கடத்தல்காரர்களுக்குச் சில கடைகள் விற்பது நிறுவனங்களுக்குத் தெரியும் என்பது போதாது. எந்தக் குற்றத்துக்கு எப்படித் துணை போனார்கள் என்று காட்ட வேண்டும் என்றார். நிறுவனங்கள் பெரும்பாலும் மொத்த வியாபாரிக்கு விற்கின்றன, கடைக்கு அல்ல. நடுவில் உள்ள அந்த ஒரு கை போதும் அவர்களுக்கு.

அதனால்தான் மாநிலங்கள் இரண்டையும் பிணைக்கின்றன. நியூயார்க் 2021இல், துப்பாக்கித் தொழிலில் உள்ளவர்கள் கடத்தலைத் தடுக்க "நியாயமான கட்டுப்பாடுகள்" வைத்திருக்க வேண்டும் என்று சட்டமாக்கியது. வைக்காவிட்டால் சட்ட மீறல், அதாவது மூன்றாவது கதவு திறக்கும். 2025இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிற்கவிட்டது. கலிபோர்னியா, நியூ ஜெர்சி, இல்லினாய் முதலியவையும் இதே பாதையில் சட்டம் செய்தன.

எங்கள் கணக்கில் இந்தக் கூட்டு வழிக்கு நல்ல சோதனை க்ளாக் என்ற கைத்துப்பாக்கி நிறுவனம். அதன் பிஸ்டலின் பின்தகட்டில் நாணயமளவு ஒரு துண்டை மாட்டினால் முழுத் தானியங்கி ஆகிவிடும். 2024இல் சிகாகோ வழக்குத் தொடுத்தது. அடுத்து நியூ ஜெர்சியும் மினசோட்டாவும். 2025 அக்டோபரில் கலிபோர்னியா, அப்படி எளிதில் மாற்றக்கூடிய புதிய பிஸ்டல்களைக் கடைகள் விற்பதை 2026 ஜூலை முதல் தடுக்கும் சட்டம் போட்டது. அதே மாதம் க்ளாக் பழைய மாடல்கள் பலவற்றை நிறுத்துவதாகவும் "வி" வரிசை வருவதாகவும் அறிவித்தது.

மெக்சிகோவும் முற்றிலும் வெறுங்கையோடு திரும்பவில்லை. 2022 அக்டோபரில் அரிசோனாவின் ஐந்து துப்பாக்கிக் கடைகள் மேல் அது தனியாக ஒரு வழக்குப் போட்டது. ஒரே வகைத் துப்பாக்கியை மொத்தமாக வாங்குபவர், பணமாகக் கட்டுபவர், திரும்பத் திரும்ப வருபவர் என்று பினாமிக்கு உரிய அடையாளம் தெரிந்தும் விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. 2024 மார்ச்சில் நீதிபதி அதில் ஒரு பகுதியை மட்டும் தள்ளி, மீதியை நடக்கவிட்டார்.