கல் உப்பா, பெர்மாங்கனேட்டா? புதிதாக வாங்கிய கொய் மீனின் முதல் மாதம்

கிருஷ்ணகிரியில் கொய் என்னும் வண்ண அலங்காரக் கெண்டை வளர்ப்பவர்களுக்கு மீன் பெரும்பாலும் பெங்களூரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்திலோ, சென்னை கொளத்தூரிலிருந்து ஐந்தாறு மணி நேரப் பயணத்திலோ வந்து சேருகிறது. பையை அவிழ்த்த கையோடு ஒருவர் தொட்டியில் கல் உப்பைப் போடுகிறார். இன்னொருவர் நீர் இளஞ்சிவப்பாகும்வரை பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கலக்குகிறார். இரண்டும் மலிவானவை, உள்ளூர்க் கடைகளிலேயே கிடைப்பவை என்பதால் ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. என் அனுபவத்தில் அப்படி அன்று. நம் ஊர்க் கடின நீருக்கு முதல் நாளில் உப்பே ஏற்றது. பெர்மாங்கனேட்டுக்கு ஒரு காரணம் கண்ணில் பட்ட பிறகே வேலை.

மருந்தைப் பற்றிப் பேசுமுன் மீனைப் பார்க்க வேண்டும். பயணக் களைப்பும் நோயும் முதல் இரண்டு நாள்களில் ஒன்றுபோலவே தோன்றும். வெள்ளை உடலில் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிவதும், துடுப்புகளை உடலோடு ஒட்டிக்கொண்டு மூலையில் நிற்பதும், தீனியைச் சீண்டாமல் இருப்பதும் களைப்பாலும் நேரலாம். மூன்றாம் நாளும் அவை குறையாவிட்டால் மட்டுமே நோய் என்று ஐயுற வேண்டும். சுவரில் உடலைத் தேய்த்துப் பளிச்சென்று திரும்புவது தோலிலோ செவுளிலோ ஒட்டுண்ணி இருப்பதன் அடையாளம். நீர் விழும் இடத்தில் வாயைத் திறந்து நிற்பது செவுள் பாதிப்பையோ அம்மோனியாவையோ காட்டும். பைக்குள் மீன் விட்ட கரியமில வாயு நீரின் பி.எச். (அமில-காரத் தன்மை) அளவைத் தாழ்த்தி வைத்திருப்பதால் அங்கே சேர்ந்த அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காது. பையைத் திறந்து நம் கிணற்று நீரை ஊற்றியதும் பி.எச். ஏறி, அதே அம்மோனியா நஞ்சாகிறது. ஆகவே வெப்பநிலை சமமாகும்வரை பையைக் கட்டியபடியே மிதக்கவிட்டு, பிறகு மீனை மட்டும் எடுத்துவிட்டுப் பைநீரை வெளியே கொட்டிவிடுவதே சரி.

இப்போது உப்பு. ஒரு லிட்டருக்கு 3 கிராம் என்பது 0.3 விழுக்காடு, புது மீனைத் தனியே வைத்துக் கவனிக்கும் 500 லிட்டர்த் தனிமைத் தொட்டிக்கு ஒன்றரைக் கிலோ. அதை ஒரே வேளையில் கொட்டாமல் ஒரு நாளில் மூன்று தவணையாகக் கரைத்து ஊற்ற வேண்டும். நன்னீர் மீனின் உடலுக்குள் நீர் இடைவிடாமல் ஊறிக்கொண்டே இருப்பதால் அதை வெளியேற்றுவதற்கே அதன் சிறுநீரகம் ஓயாது உழைக்கிறது. உப்பு அந்தச் சுமையைக் குறைக்கிறது. புதுத் தொட்டியின் வடிகட்டியில் நல்ல பாக்டீரியா வளர்ந்து பழகும்வரை ஏறும் நைட்ரைட் என்ற கழிவு நஞ்சிலிருந்தும் உப்பில் உள்ள குளோரைடு மீனைக் காக்கிறது. வெண்புள்ளி நோயில், தோலுக்குள் புதைந்திருக்கும் கிருமியை எந்த மருந்தும் தொடாது. அது வெளிவந்து பெருகி நீந்தும் கட்டத்தில்தான் அகப்படும். நாள்கணக்கில் நீரிலேயே தங்கும் உப்புக்கு அங்கே சாதகம் இருக்கிறது. சில மணி நேரத்தில் வலுவிழக்கும் பெர்மாங்கனேட்டைத் திரும்பத் திரும்பக் கலக்க வேண்டியிருக்கும். ஆவியாகிப்போன நீரை நிரப்பும்போது மீண்டும் உப்புப் போடக் கூடாது என்பதை மட்டும் பலர் மறக்கிறார்கள், ஏனெனில் நீர்தான் போகிறது, உப்பு போவதில்லை. வடிகட்டியில் சியோலைட் கல் இருந்தால் எடுத்துவிட வேண்டும். அது பிடித்து வைத்த அம்மோனியாவை உப்பு வெளியே தள்ளிவிடும்.

உப்பின் எல்லையும் தெளிவானது. செவுள் புழுவும், நங்கூரப் புழுவும், மீன் பேனும் இந்த அளவு உப்புக்கு அசைவதில்லை. ஆழமான புண்ணும் ஆறாது.

இங்கேதான் பெர்மாங்கனேட்டின் வலிமை. தோல், செவுள் ஆகியவற்றின் மேற்பரப்பில் உள்ள ஒட்டுண்ணிகளையும் பாக்டீரியாக்களையும் அது எரித்துவிடுகிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில், 500 லிட்டருக்கு ஒரே ஒரு கிராம் போதும். ஆனால் அது பூச்சிக்கும் செவுளுக்கும் வேற்றுமை பார்ப்பதில்லை. நீரில் அழுக்கும் பாசியும் மிகுந்திருந்தால் அவற்றை எரிப்பதிலேயே தீர்ந்து நீர் பழுப்பாகிவிடும். சுத்தமான நீரிலோ அதே அளவு கூடுதல் வலுவுடன் வேலை செய்யும். பி.எச். உயர்ந்த நீரில் பெர்மாங்கனேட்டிலிருந்து உண்டாகும் மாங்கனீசு டையாக்சைடு செவுளில் படிந்து மீனை மூச்சுத்திணறவைக்கும். நம் பகுதி ஆழ்துளைக் கிணறுகளின் கடின நீரில், பச்சைப் பாசி படர்ந்த தொட்டியின் பி.எச். மாலையில் ஒன்பதை நெருங்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். தராசு இல்லாமல் கண் மதிப்பில் நிறம் பார்த்துக் கலக்கிய ஒரு மாலையில் நான் இரண்டு மீன்களை இழந்தேன். அவற்றின் செவுள்கள் தேயிலைக் கறைபோல் பழுப்பேறியிருந்தன. அதன் பிறகு காலையில், பி.எச். பார்த்து, காற்று மோட்டாரை முழு வேகத்தில் விட்டே கலக்குகிறேன். வடிகட்டியைத் தனியே பிரித்துவிடுகிறேன், ஏனெனில் அங்குள்ள நல்ல பாக்டீரியாவையும் அது விட்டுவைக்காது.

இன்னொரு மருந்தான ஃபார்மலினை (ஃபார்மால்டிஹைடு கரைசல்) சுருக்கமாகவே சொல்லலாம். ஒட்டுண்ணிகளுக்கு அது வலுவானதுதான். ஆனால் நீரின் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும், மனிதர்க்கும் நஞ்சு, பெர்மாங்கனேட்டோடு ஒரே நேரத்தில் சேர்க்கவே கூடாது. புது மீனுக்கு முன்னெச்சரிக்கையாக அதை ஊற்றுவதை நான் ஏற்பதில்லை. நங்கூரப் புழுவை ஈரத்துணியில் மீனைப் பிடித்துச் சிறு இடுக்கியால் மெல்ல இழுத்தெடுத்து, அந்த இடத்தில் போவிடோன் அயோடின் தடவலாம். ஆயினும் நீரில் உள்ள அதன் குஞ்சுகளுக்காகக் கூடுதல் மருந்து தேவைப்படும். ஆன்டிபயாட்டிக்கைத் தொட்டியில் கொட்டுவதால் வடிகட்டி சாகும். புண் ஆறுவது அரிது. பாரூரில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையத்தை அணுகி, எந்த நோய் என்று பார்த்த பிறகு மருந்து தேடுவது மேல்.

குழாய் நீரில் ஒரு பொறி இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் அதைத் தொட்டிக்கு விட நினைப்பார்கள். குளோரின் கலந்த அந்த நீர் செவுளைச் சுட்டெரிக்கும், அந்த அடையாளங்கள் நோயைப் போலவே தோன்றும். ஒரு நாள் திறந்த தொட்டியில் காற்றோட்டம் கொடுத்து வைத்தோ, குளோரினை நீக்கும் சோடியம் தயோசல்ஃபேட் சேர்த்தோ விட வேண்டும்.

வைரஸ் நோய்களில் பெர்மாங்கனேட் தோற்கிறது, உப்பும் ஒரு நோய்க்கு மட்டுமே உதவுகிறது. மீன் தரையில் பக்கவாட்டில் சாய்ந்து உறங்குவதுபோல் கிடந்தால், அது கார்ப் எடிமா வைரஸாக இருக்கலாம், 0.5 விழுக்காடு உப்பு பல மீன்களைக் காப்பாற்றியிருக்கிறது, இங்கும் பெர்மாங்கனேட்டுக்கு இடமில்லை. கொய் ஹெர்பிஸ் வைரஸுக்கோ சிகிச்சையே இல்லை: கண் உள்ளே அமிழ்ந்து, செவுள் வெளுத்து அழுகிய திட்டுகளாகி, சில நாள்களில் பெரும்பாலான மீன்கள் மாண்டுவிடும். அது முக்கியமாக 16 முதல் 28 டிகிரி நீரில் வெளிப்படுகிறது. மே மாதத்தில் தருமபுரித் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டியிருக்கையில் மூன்று வாரம் தனிமையில் வைத்த மீன் நலமாகத் தோன்றி, மார்கழிக் குளிரில் குளம் முழுவதையும் கொன்றுவிடக்கூடும். ஆகவே கோடையில் வாங்கியவர், குளிர் வரும்வரை பழைய மீன் ஒன்றையும் அதனுடன் தனித்தொட்டியில் சேர்த்து வைத்துப் பார்க்க இயன்றால் வைக்கட்டும். இயலாதவர் கார்த்திகைக்குப் பின் வாங்கி, குளிர்ந்த நீரிலேயே நான்கு வாரம் தனியே வைத்துப் பார்க்கட்டும்.