சிஎஸ்வியா, எக்செல்லா?

கணக்குப் போட எக்செல்லுக்கு ஈடில்லை. சூத்திரம், நிறம், வரைபடம் எல்லாம் ஒரே கோப்பில் அடங்கிவிடும். ஆனால் தரவை ஆண்டுக்கணக்கில் காப்பாற்ற வேண்டுமென்றால் என் ஓட்டு, மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் சிஎஸ்வி கோப்புக்குத்தான்.

சிஎஸ்வி வெறும் எழுத்து. நோட்பேடிலேயே திறக்கும், எந்த வரி மாறியது என்று, கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருள் காட்டிவிடும். எக்செல்லின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்போ, எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு மொழிக் கோப்புகளை ஜிப்பாகச் சுருக்கிய மூட்டை.

எக்செல்லின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத் தாளில் 65,536 வரிகளுக்கு மேல் ஏறாது. 2020இல் இங்கிலாந்தில் இந்த வரம்பில் முட்டி, 15,841 கோவிட் தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டன. மார்ச்1 என்ற மரபணுவை எக்செல் விடாப்பிடியாகத் தேதியாக்கியதில், பெயரிடும் குழுவே இறங்கிவந்து அதை மார்ச்எஃப்1 என்று மாற்றியது. மென்பொருளுக்காக மரபணு பெயர் மாறிய கூத்து!

சிஎஸ்வியும் சாதுவல்ல. எது எண், எது தேதி என்று அது சொல்லாது. முகவரிக்குள் காற்புள்ளி வந்தால் மேற்கோள்குறிக்குள் போட வேண்டும். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் உள்ள தமிழ்ப் பெயர்கள், கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற அடையாளக் குறி இல்லாவிட்டால், எக்செல்லில் நேராகத் திறக்கும்போது பெரும்பாலும் கிறுக்கலாகத்தான் தெரியும்; இறக்குமதி வழியாக யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாக வரும்.

பல பேர் ஒரே நேரத்தில் எழுதும் தரவா? இரண்டும் வேண்டாம், தரவுத்தளத்துக்குப் போங்கள்.