சிட்டியா, மார்ச்சா? 80களின் இரண்டு ஜப்பானிய குட்டிக் கார்கள்

ஹோண்டா சிட்டி என்றால் நமக்கு செடான்தான் நினைவுக்கு வரும். 1981 நவம்பரில் ஜப்பானில் வந்த முதல் சிட்டி வேறு ரகம்: மூன்று கதவு, சுமார் 3.4 மீட்டர் நீளம், 1,470 மி.மீ. உயரம். அந்தக் காலத்தில் சின்ன கார் என்றால் தாழ்வாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். ஹோண்டாவின் இளம் பொறியாளர்கள் அதை மாற்றினார்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் கால் நீட்ட அதிக இடம் தேவைப்படாது. வண்டியின் நீளத்தைக் குறைத்தாலும் உள்ளே நெருக்கடி இருக்காது. டிக்கியில் வைத்துக்கொள்ள மோட்டோகாம்போ என்ற மடக்கு ஸ்கூட்டரையும் கூடவே விற்றார்கள். எடை 45 கிலோ பக்கம். அதைத் தூக்கி வைக்கும் முதுகைப் பற்றி விளம்பரம் பேசவில்லை!

மறு ஆண்டு அக்டோபரில் வந்த நிசான் மார்ச்சிடம் இந்தக் குறும்பெல்லாம் கிடையாது. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபை வரைந்த ஜுஜாரோவின் நேர்க்கோட்டு வடிவம், 987 சிசி அலுமினிய எஞ்சின். பெயரைக்கூட மக்களிடம் போட்டி வைத்துத்தான் எடுத்தார்கள்.

வேகத்தில் கதை சுவாரசியமாகிறது. 1983-இன் சிட்டி டர்போ II, 1,231 சிசியில் 110 குதிரைத்திறன் தந்தது. புடைத்த சக்கர வளைவுகளால் ‘புல்டாக்’ என்று பெயர் வாங்கியது. 1989-இல் மார்ச் சூப்பர் டர்போ அதே 110-ஐ வெறும் 930 சிசியில் எட்டியது. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்க, குறைந்த வேகத்தில் எஞ்சினே சுழற்றும் சூப்பர்சார்ஜர், மேலே போனதும் வெளியேறும் புகையால் சுழலும் டர்போ என இரண்டையும் ஒரே எஞ்சினில் பூட்டியிருந்தார்கள். பொறியியலில் மார்ச்சுக்குத்தான் என் ஓட்டு. ஆனால் சாவி கொடுத்தால் புல்டாக்கைத்தான் எடுப்பேன்.

சரி, நீடித்தது எது? 1986-இல் இரண்டாம் தலைமுறை சிட்டியைத் தாழ்வாக்கி, தன் நல்ல யோசனையை ஹோண்டாவே கைவிட்டது. 1994-இல் அந்த ஹாட்ச்பேக் முடிந்தது. முதல் மார்ச்சோ பத்தாண்டு ஓடியது; பி-1, பாவோ, ஃபிகாரோ என்ற பழைய பாணிக் கார்களுக்கும் அதுவே அடித்தளம். இரண்டாம் தலைமுறை, மைக்ரா என்ற ஏற்றுமதிப் பெயரில், 1993-இன் ஐரோப்பிய சிறந்த கார் விருதை வென்றது. ஜப்பானியக் கார் ஒன்றுக்கு அது முதல்முறை. 2010-இல் வந்த நான்காம் தலைமுறையை ஐரோப்பாவுக்கே சென்னை அருகே ஒரகடத்தில்தான் தயாரித்தார்கள். ஜப்பானில் மார்ச் விற்பனை 2022 வரை நீடித்தது.