கிறுக்கல் குறியா, குறள் எண்ணா: ரகசிய எழுத்துக்கு எது தாங்கும்?

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது நானும் அத்தை மகளும் 18 மெய்யெழுத்துகளுக்கும் ஆளுக்கு ஒன்பதாகப் படம் கண்டுபிடித்தோம். க-வுக்கு மீன், த-வுக்குக் குடை. காலும் கொம்பும் புள்ளியும் தமிழில் உள்ளபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிய கடிதத்தை அக்கா ஒரே மாலையில் படித்துவிட்டாள். எப்படி என்று கேட்டதற்கு, "புள்ளி வச்ச மீனுக்குப் பக்கத்துலயே இன்னொரு மீன் நிக்குது. அது க்க, இல்லேன்னா த்த, ப்ப. வேற என்னவா இருக்கும்?" என்றாள்.

படக்குறி முறையின் பலவீனம் முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது. எழுத்தின் உருவத்தை மாற்றலாம். மொழியின் நடையை மாற்ற முடியாது. தமிழில் ங் வந்தால் அடுத்தது அநேகமாக க. ஞ்-க்குப் பின் பெரும்பாலும் ச, ந்-க்குப் பின் த. ண, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லின் முதலில் நிற்பதில்லை. நம் இலக்கணமே உளவாளிக்குத் துப்புக் கொடுக்கிறது. எந்தக் குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே உடைக்கலாம் என்பதை 9-ஆம் நூற்றாண்டில் அல்-கிந்தி என்ற அறிஞர் அரபு மொழியில் எழுதி வைத்தார். ஸ்காட்லாந்து அரசி மேரி, எழுத்துகளுக்கும் சில சொற்களுக்கும் தனிக்குறி வைத்து எழுதிய கடிதங்களை 1586-இல் இங்கிலாந்து அரசுக்காகக் குறி உடைத்த தாமஸ் ஃபெலிப்ஸ் படித்துவிட்டார்; 1587 பிப்ரவரியில் அரசியின் தலை போனது.

247 எழுத்துக்கும் தனித்தனிக் குறி வைத்தால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் அந்த அட்டவணையை இருவரும் மனப்பாடம் செய்ய முடியாது, கையில் வைத்துக்கொண்டு திரிய வேண்டும். அட்டவணை சிக்கினால் எல்லாம் சிக்கியது. க-வுக்குப் பதில் ங, ங-வுக்குப் பதில் ச என்று தள்ளி எழுதும் முறையைப் பற்றிப் பேசவே வேண்டாம். 17 முறை முயன்றால் முடிந்தது.

இதற்கு நேர் எதிரான வழி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது: குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள் என்று பள்ளியில் படித்திருப்போம். படக்குறியைப் பார்த்தவுடனே 'ஏதோ மறைக்கிறார்கள்' என்று தெரிந்துவிடும். குழூஉக்குறி கேட்பவருக்குச் சாதாரணப் பேச்சாகவே படும். அதன் குறை, முன்கூட்டியே பேசிவைத்ததை மட்டும்தான் சொல்ல முடியும் என்பது. ஆனாலும் ஒரு வேலைக்கு இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. மகன் குரலில் யாரோ போன் செய்து அவசரமாகப் பணம் கேட்டால், வீட்டுக்குள் பேசிவைத்த ஒரு சொல்லைக் கேளுங்கள். அம்மா அப்பாவோடு இன்றைக்கே உட்கார்ந்து அப்படி ஒரு சொல்லை முடிவு செய்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது புத்தகக் குறி. குறள் எண், சீர் எண், எழுத்து எண் என்று மூன்று எண்களால் ஓர் எழுத்தைச் சொல்வது. 'நாளை வா' என்று எழுத வேண்டுமா? 127-ஆம் குறளின் மூன்றாம் சீர் 'நாகாக்க', அதன் முதல் எழுத்து நா. 879-இன் முதல் சீர் 'இளைதாக', இரண்டாம் எழுத்து ளை. 11-இன் முதல் சீர் 'வான்நின்று'. ஆக 127-3-1, 879-1-2, 11-1-1. அடுத்த முறை அதே வா-வுக்கு 542-1-1 போடலாம், 542-2-1 போடலாம், 542-6-1 போடலாம்; 'வானோக்கி வாழும்' குறளில் மூன்று சீர்கள் வா-வில் தொடங்குகின்றன. ஒரே எழுத்துக்கு இத்தனை முகம் இருந்தால், அல்-கிந்தியைப் போல எண்ணிப் பார்ப்பவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

ஆனால் ஒரு தமிழர் அந்தத் தாளைப் பார்த்தால்? முதல் எண் 1330-ஐத் தாண்டவில்லை, இரண்டாவது 7-ஐத் தாண்டவில்லை. ஐந்து நிமிடத்தில் குறளை எடுத்து வந்துவிடுவார். கடிதத்துக்குக் குறள் உதவாது. வேறு யாருக்கும் தோன்றாத ஒரு பழைய புத்தகம், இருவரிடமும் ஒரே பதிப்பு, பக்கம்-வரி-எழுத்து: அதுதான் சரி. 1780-இல் அமெரிக்கப் படைத்தலைவர் பெனடிக்ட் ஆர்னல்ட் இப்படித்தான் ஓர் அகராதியை வைத்து ஆங்கிலேய அதிகாரி ஜான் ஆந்த்ரேயுடன் சதி செய்தார். மாட்டிக்கொடுத்தது அந்தக் குறிமுறை இல்லை. ஆந்த்ரேயின் காலுறைக்குள் சாதாரண எழுத்தில் இருந்த தாள்கள்தான்.

கையால் எழுதும் எந்தக் குறியும் நாட்குறிப்புக்கும் நண்பர்களுக்கும் போதும். உண்மையிலேயே ஆபத்தான விஷயம் என்றால் அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டி அனுப்பும் சிக்னல் போன்ற செயலிக்குப் போய்விடுங்கள்.

பாஸ்வேர்ட் வேறு வகை. அதை உடைக்க வருவது அக்கா இல்லை, சலிக்காமல் கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கும் இயந்திரம். பிடித்த பாட்டு வரியின் முதலெழுத்துகளை எடுப்பது பலர் செய்வது. ஊரறிந்த வரி என்றால் இயந்திரத்தின் பட்டியலிலும் அது இருக்கக்கூடும். ஓ-வுக்குப் பதில் பூஜ்யம் போடும் தந்திரம் அதற்குப் பழைய செய்தி.

தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையைப் பழகியவர்களுக்கு ஓர் அழகான வழி உண்டு. விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டுத் தமிழில் அடிப்பது. 'தமிழ்' என்று விரல் போனால் எல், கே, எஸ், சாய்கோடு, எஃப் என்று விழும். பார்க்க வெறும் குப்பை, விரலுக்கோ தாய்மொழி. ஆனால் போனில் விரல் பழக்கம் கை கொடுக்காது. அவசரத்துக்கு வங்கிச் செயலியைத் திறக்கும்போது தடுமாறுவீர்கள். தட்டுவது ஊரறிந்த சொல்லாக இருந்தால், இந்த மாறுவேடமும் வெகுநேரம் தாங்காது.

என் ஓட்டு குலுக்கலுக்கு. 1995-இல் ஆர்னல்ட் ரெய்ன்ஹோல்ட் என்பவர் டைஸ்வேர் என்ற முறையைக் கொண்டுவந்தார்: ஐந்து முறை பகடை உருட்டி, 7776 சொற்களில் ஒன்றை எடுப்பது. நம்மிடம் அதைவிடப் பெரிய பட்டியல் வீட்டிலேயே இருக்கிறது. 1330 குறள், குறளுக்கு ஏழு சீர், மொத்தம் 9310. கடிதத்துக்கு உதவாத அதே குறள் இங்கே அருமையாகப் பொருந்துகிறது. 0 முதல் 9 வரை பத்துத் துண்டுச் சீட்டு எழுதி, நான்கு முறை குலுக்கி எடுங்கள். ஒவ்வொரு முறையும் எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். 1330-க்கு மேலோ நான்கும் பூஜ்யமாகவோ வந்தால் மறுபடி எடுங்கள். பிறகு 1 முதல் 7 வரை ஒரு சீட்டு. இப்படி ஐந்து சீர். உலகம், சோகாப்பர், இளைதாக, மன்னவன் என்று சம்பந்தமில்லாமல் வந்து விழும். அந்தப் பொருத்தமின்மையே மனதில் ஒட்டிக்கொள்ளும். சில சீர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கழித்தாலும், நீங்கள் குறளைத்தான் பயன்படுத்தினீர்கள் என்று தெரிந்தவருக்குக்கூட எந்த ஐந்து என்று தெரியாது. நல்லதாக வரட்டும் என்று பிடிக்காத சீட்டை மாற்றாதீர்கள்.

ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது ழகரத்துக்கு எந்த எழுத்து, நெடிலுக்கு ஒன்றா இரண்டா என்பதை முதல் நாளே முடிவு செய்து, அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை என் கணக்குக்குள்ளேயே போக முடியாமல் அரை நாள் நின்றது அந்த ஒரு ழகரத்தால்தான்.