அறுவை நேர்த்தி, அதன் பிறகான கவனிப்பு போதாது

மதுரையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் என் தாயாருக்குப் பித்தப்பைக் கற்களுக்காக, பித்தப்பையையே அகற்றும் லேப்ராஸ்கோபி (சிறுதுளை) அறுவை சிகிச்சை நடைபெற்றது. அறுவையைக் குறை சொல்ல வழியில்லை. வயிற்றில் நான்கு சிறு துளைகள்தாம்; மறுநாளே எழுந்து நடந்தார்; பேக்கேஜுக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கவில்லை. இருந்தும் மூன்று நட்சத்திரங்களே தருகிறேன்.

சில மாதங்கள் கழித்து மேல்வயிற்றில் பழைய வலியே திரும்பியது. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போயிற்று, மலம் வெளிறியது, இரவெல்லாம் உடம்பு அரித்தது. பித்தப்பையே இல்லையே என்று புறநோயாளிப் பிரிவில் வாயுவுக்கு மாத்திரை எழுதி அனுப்பினார்கள். (உறவினர்கள் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள், அடைப்பினால் வரும் காமாலைக்கு அது எப்படி உதவும்?) கண்கள் மஞ்சளான பிறகுதான் காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் பரிசோதனையும் பித்தநாளங்களைப் படமெடுக்கும் எம்ஆர்சிபி ஸ்கேனும் எடுத்து, பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளத்தில் கல் அடைத்திருப்பதைக் கண்டறிந்தார்கள். பித்தப்பையை அகற்றுவதற்கு முன்பே நாளத்துக்குள் நழுவிவிடும் கல், மாதங்கள் கழித்தும், சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் இவ்வாறு தொல்லை தருவதுண்டு. குடலியல் பிரிவில் இஆர்சிபி முறையில், வாய் வழியே முன்சிறுகுடல் வரை எண்டோஸ்கோப் என்னும் கேமராக் குழாயைச் செலுத்தி, நாளத்தின் வாயைச் சற்றே கீறிக் கல்லை எடுத்தார்கள். அந்த மருத்துவர் பழைய கோப்பைப் புரட்டி, அறுவைக்கு முந்தைய கல்லீரல் இரத்தப் பரிசோதனையிலேயே, பித்த அடைப்பில் கூடும் நொதியான அல்கலைன் பாஸ்பேட்டேஸ் உயர்ந்திருந்ததைக் காட்டினார். அப்போது அதை ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தவை மாத்திரைகளின் பெயர்கள், 'எண்ணெய், நெய் தவிர்க்கவும்' என்ற வரி, தையல் பிரிக்கும் தேதி, அவ்வளவே. தங்கிவிட்ட கல் மட்டுமன்று, காயப்பட்ட நாளம் பின்னாளில் தழும்பேறிச் சுருங்குவதும், தொப்புள் துளையில் குடலிறக்கம் தோன்றுவதும், அறுவையின்போது வயிற்றுக்குள் சிதறிய கற்களைச் சுற்றிச் சீழ் கட்டுவதும், சாப்பிட்டவுடன் வயிற்றுப்போக்கு ஏற்படுவதும் மருத்துவர்கள் நன்கறிந்த பிந்தைய சிக்கல்களே. பெரும்பாலோருக்கு இவற்றில் எதுவும் வருவதில்லை என்பது உண்மைதான். ஆயினும், காமாலையோடு குளிர்நடுக்கக் காய்ச்சல் கண்டால் நேராக அவசரப் பிரிவுக்கு வர வேண்டும் என்று ஒரு வரி அச்சிடுவதற்கு என்ன செலவாகிவிடும்?

அறுவைக்கு இந்த மருத்துவமனையைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கல்லீரல் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கி, நாளத்தில் கல் உள்ளதா என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். இஆர்சிபிக்குத் தனிக் கட்டணம் ஏன் என்று பில்லிங் பிரிவில் கேட்டோம். பேக்கேஜ் தையல் பிரிக்கும் வரைக்குத்தான் என்றார்கள்.